நாலரைக் கிலோ டைகர்

எங்கள் குடும்பத்தில் எந்த நாய் வந்தாலும் அதற்குப் பெயர் டைகர்தான். அது அப்பாவின் ஏற்பாடு, யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. முந்தைய டைகர்கள் எல்லாம் நாட்டு நாய்கள். அவை வாசலில் படுத்திருந்தால் கொரியர்காரர் தெருமுனையிலிருந்தே போன் செய்வார். இப்போது இருக்கும் டைகர் ஒரு மினியேச்சர் பின்ஷர், சுருக்கமாக 'மின் பின்'. எடை நாலரைக் கிலோ, உயரம் ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவு. பெயரைக் கேட்டதும் சிரிக்காத விருந்தாளி இதுவரை வந்ததில்லை.

சிரித்து முடித்ததும் வரும் அடுத்த வசனமும் மாறாது: "சின்ன நாய்தானே, வேலை கம்மியா இருக்கும்." இதைத்தான் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. முப்பது கிலோ நாயிடம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் நடந்துவிடும். ஒரு பிஸ்கட் கூடினால் ஒன்றும் ஆகாது, திண்ணையிலிருந்து குதித்தால் ஒன்றும் ஆகாது, மருந்து ஒரு சொட்டு கூடினாலும் பெரும்பாலும் தப்பித்துவிடும். நாலரைக் கிலோவில் அந்தச் சலுகை கிடையாது. உணவு, மருந்து, உயரம், கேட்டின் இடைவெளி என்று எல்லாவற்றையும் அளந்துதான் செய்ய வேண்டும். அதையெல்லாம் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்காத ஓர் ஆளை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

முதலில் ஒரு தகராறைத் தீர்த்துவிடுகிறேன். "டாபர்மேனைக் குட்டையாக்கி வளர்த்தது" என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். கதை அப்படி இல்லை. ஜெர்மனியின் அபோல்டா ஊரில் லூயி டாபர்மேன் தன் நாய்களை உருவாக்கியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். எலி பிடிக்கும் குட்டைப் பின்ஷர்கள் அதற்கு முன்பே அங்கே லாயங்களிலும் பண்ணைகளிலும் திரிந்துகொண்டிருந்தன. 1895-இல் ஜெர்மனியில் பின்ஷர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, இனத்தின் இலக்கணத்தை எழுதி வைத்தார்கள். சர்வதேச அளவுகோலின்படி உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர், எடை 4 முதல் 6 கிலோ. சரி, இந்தப் பழங்கதை எதற்கு என்றால், மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக உருவான நாய் அல்ல இது. லாயத்தில் எலி துரத்தியவனின் வாரிசு சென்னை வீட்டுக்கு வந்தாலும் அதே வேலையைத்தான் தேடுவான். சாக்கடை மூடியின் இடுக்கு, மோட்டார் ரூம், மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் பழைய பேப்பர் கட்டு என்று டைகர் மூக்கை நுழைக்காத இடம் இல்லை.

எங்கள் வீடு மடிப்பாக்கம் பக்கம், தனி வீடு. முன்னால் இரும்பு கேட். நாய் வருவதற்கு முன்னால் முதலில் பார்க்க வேண்டியது அந்த கேட்டைத்தான். கம்பிகளுக்கு நடுவே தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும், இவற்றின் மார்பு அவ்வளவு ஒடுக்கம். நாங்கள் ஹார்டுவேர் கடையில் கோழி வலை வாங்கி, தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உள்பக்கமாக வைத்து கேபிள் டை போட்டுக் கட்டினோம். கேட்டுக்கும் தரைக்கும் நடுவே இருந்த சந்தில் ரப்பர் பட்டை அடித்தோம். மாடி பால்கனி கிரில்லுக்கும் இதே சிகிச்சை. பார்க்க அழகாக இருக்காது. அம்மாவுக்கு இன்னும் அந்தக் குறை உண்டு, கோலத்துக்குப் பக்கத்தில் கோழிப் பண்ணை மாதிரி இருக்கிறதாம்.

வலை மட்டும் போதாது. மின் பின் வளர்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வது இதுதான்: கதவு திறக்கும் நொடியில் காலுக்கு இடையே அம்பாகப் போய்விடும். பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், ஆன்லைன் பார்சல் என்று ஒரு நாளில் வாசல் எத்தனை முறை திறக்கிறது என்று நாய் வந்த பிறகுதான் தெரியும். வீட்டுக் கதவும் கேட்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மகள்தான் இதில் கறார், தாத்தாவையே நிறுத்தி வைத்துக் கதவைச் சாத்தச் சொல்வாள். இது போக, கதவு திறந்தால் பாயில் போய் உட்கார வேண்டும் என்றும் பழக்கினோம். வாசல் மணி அடிக்கும், பாயைக் காட்டுவோம், போய் உட்கார்ந்தால் துவரம்பருப்பு அளவுக்குக் கிள்ளிய வேகவைத்த கோழித்துண்டு. மணியை அடித்துவிட்டு உள்ளே வருவது மகளின் வேலை. ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிஷத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. இந்த நாய்கள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும், அதைவிடச் சீக்கிரம் சலித்துக்கொள்ளும்.

இந்தப் பழக்கத்தில் குரைப்பும் பாதி குறைந்தது. முழுதாக நிற்காது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். குரைக்காத நாய் வேண்டுமென்றால் வேறு இனம் பாருங்கள். அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டு நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டி ஜெயித்த பிறகும் அதே மாடியில்தான் குடியிருக்க வேண்டும். எனவே பாய்ப் பயிற்சி நல்லது.

வெளியே கூட்டிப் போகக் கழுத்துப்பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ்தான். காரணம் இரண்டு. இவற்றின் கழுத்து நீளம், தலை சிறியது. பின்வாங்கி ஒரு உதறு உதறினால் பட்டை கழன்று வந்துவிடும். அடுத்து, சிறிய இன நாய்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து போகும் தொந்தரவு வரக்கூடும், கழுத்தில் இழுவிசை விழுந்தால் அது மோசமாகும். ஹார்னஸ் வாங்கும்போது நாயையே கடைக்குக் கூட்டிப் போய்ப் போட்டுப் பாருங்கள். எஸ், எக்ஸ்எஸ் என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும்.

நடை காலையும் மாலையும் அரை மணி நேரம். அதற்குக் குறைந்தால் சோபா மெத்தையின் பஞ்சு வெளியே வரும். சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்கு முன்னால் கிளம்பித் திரும்பிவிட வேண்டும். சாயங்காலம் ஏழுக்கு முன்னால் தார் ரோட்டில் இறக்கவே கூடாது. புறங்கையை ரோட்டில் வைத்து ஐந்து எண்ணுங்கள். கை வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. உயரம் குறைவான நாய் என்பதால் ரோட்டின் அனல் நேரே வயிற்றில் அடிக்கிறது, இது நமக்குத் தோன்றாது. நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குத் தூக்கிப் போய் வயிறு, தொடை இடுக்கு, பாதம் ஆகியவற்றைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, விசிறிவிட்டுக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நாயின் இயல்பான வெப்பநிலையே 101-லிருந்து 102.5 பாரன்ஹீட் வரை என்பதை நினைவில் வையுங்கள். நம் கைக்குச் சூடாகத் தெரிவதெல்லாம் காய்ச்சல் அல்ல.

வெயில் நாட்களில் நடையைக் குறைத்தால் மூளைக்கு வேலை கொடுக்க வேண்டும். பழைய துண்டில் அன்றைய உணவில் ஒரு பங்கைத் தூவிச் சுருட்டிக் கொடுத்தால் பிரித்துப் பிரித்துத் தேடும். முட்டை அட்டையின் குழிகளில் போட்டு மேலே காகித உருண்டைகளை வைக்கலாம். எலி பிடித்த பரம்பரைக்கு மூக்கால் தேடுவதுதான் சுகம். பத்து நிமிஷம் இப்படித் தேடிவிட்டால் அரை மணி நேரம் ஓடியது போல அசந்து தூங்கும்.

தெரு நாய்கள் பிரச்சினை வேறு விதம். டைகருக்குத் தன் எடை தெரியாது. எதிரே வருவது இருபது கிலோ என்றாலும் மார்பை நிமிர்த்திக்கொண்டு போய் நிற்கும். சண்டை என்று வந்தால் ஒரே கடியில் முடிந்துவிடும் உடம்பு அது. தூக்கித் தலைக்கு மேலே பிடித்தால் கீழே இருப்பவை தாவத் தொடங்கும், அதைவிடத் தூரத்திலேயே பார்த்து வழியை மாற்றுவது மேல். எங்கள் தெருவில் எந்த நாய் எந்த வீட்டு வாசலில் எத்தனை மணிக்குப் படுத்திருக்கும் என்று எனக்கு இப்போது மனப்பாடம்.

எலும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மின் பின்னின் முன்னங்கால் எலும்பு, பென்சில் தடிமன் இருந்தால் அதிகம். சோபாவிலிருந்தோ கட்டிலிலிருந்தோ குதிக்கும்போதும், குழந்தைகள் கையிலிருந்து துள்ளி விழும்போதும் மணிக்கட்டுக்கு மேலே முறிவது சிறிய இனங்களில் சகஜமாகப் பார்க்கும் காயம். அந்த இடத்தில் ரத்த ஓட்டமும் குறைவு என்பதால் எலும்பு சேர நாளாகும், பெரும்பாலும் தகடு வைத்து அறுவை சிகிச்சைதான். எனவே குழந்தைகளுக்கு ஒரே விதி: தூக்க வேண்டுமானால் நீ தரையில் உட்கார், நாய் உன் மடிக்கு வரும். வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லத் தயங்குவதில்லை. மனஸ்தாபம் வந்தால் வரட்டும்.

குதிக்காதே என்று இதனிடம் சொல்லிப் பயனில்லை. அதனால் கட்டிலுக்கும் சோபாவுக்கும் பக்கத்தில் தச்சரிடம் சொல்லி இரண்டு படி வைத்த சின்னப் பலகைப் பெட்டி செய்து போட்டோம். மேலே சொரசொரப்பான மிதியடி ஒட்டினோம். அடுத்தது தரை. இப்போதைய வீடுகளில் எல்லாம் வழவழப்பான டைல்ஸ், கிரானைட். ஓடித் திரும்பும்போது பின்னங்கால் வழுக்கும். ஏற்கெனவே இந்த இனத்துக்கு முழங்கால் சில்லு இடம் நழுவும் குறை பிறவியிலேயே வர வாய்ப்புண்டு, வழுக்கும் தரையும் கூடுதல் எடையும் அதை வளர்த்துவிடும். அறிகுறி எளிது: ஓடிக்கொண்டிருக்கும் நாய் ஒரு பின்னங்காலை மடக்கிக்கொண்டு இரண்டு மூன்று எட்டு நொண்டியடித்துவிட்டு, காலை உதறி, ஒன்றும் நடக்காதது போல ஓடும். அழகான நடை என்று வீடியோ எடுப்பார்கள். அந்த வீடியோவை மருத்துவரிடம் காட்டுங்கள், அவருக்கு அது உபயோகப்படும். இந்தக் குறையை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் எடையைக் கட்டுக்குள் வைத்தாலே பல நாய்கள் ஆயுசு முழுக்கச் சமாளித்துவிடும். ஒரு வயதுக்குள் இருக்கும் குட்டி விடாமல் நொண்டினால் அது இடுப்பு மூட்டாக இருக்கலாம். தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது நசிந்துபோகும் நோய் ஒன்று சிறிய இனங்களுக்கு வரும், எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். எங்கள் ஹாலில் சோபாவிலிருந்து சமையலறை வரை யோகா மேட்டைப் பாதையாக வெட்டிப் போட்டிருக்கிறோம். விருந்தாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேலேயே நடந்து வருவார்கள்.

குட்டி வாங்குகிறவர்கள் தாய் நாயையாவது நேரில் பார்த்து, அது நடப்பதைக் கவனியுங்கள். 'டீகப்', 'பாக்கெட்' என்று ஒன்றரைக் கிலோ நாயை விலை ஏற்றி விற்றால் வாங்காதீர்கள். அப்படி ஒரு வகையே கிடையாது. இலக்கணத்துக்குக் குறைந்த உடம்பு என்றால் உடையவும் நோய் வரவும் வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரித்த குட்டியும் வேண்டாம். வாலையும் காதையும் வெட்டினால்தான் கம்பீரம் என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். இனம் பிறந்த ஜெர்மனியிலேயே காது வெட்டுவது 1987-லிருந்தும் வால் வெட்டுவது 1998-லிருந்தும் தடை. டைகரின் வால் அரிவாள் மாதிரி வளைந்து நிற்கும், சந்தோஷம் எவ்வளவு என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதை வெட்ட யாருக்குத்தான் மனசு வருகிறதோ.

இனி சாப்பாடு. வீட்டில் சண்டை வருவது இங்கேதான். நாலரைக் கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, நன்றாக ஓடியாடும் நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 300 முதல் 350 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்குதான் தின்பண்டமாகப் போகலாம், அதாவது சுமார் 30 கலோரி. ஒரு மேரி பிஸ்கட்டே இருபதைத் தாண்டும். அம்மா காலைக் காப்பியோடு ஒன்று, அப்பா மாலை டீயோடு ஒன்று, மகள் யாருக்கும் தெரியாமல் ஒன்று என்றால் கணக்கு முடிந்தது. அரைக் கிலோ கூடினால் நமக்குத் தெரியாது, ஆனால் இந்த உடம்புக்கு அது பத்து சதவீதத்துக்கும் மேல். முழங்காலுக்கு அதுதான் எமன். எனவே காலையில் அன்றைய உணவை எடைத் தராசில் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுவேன். யார் கொஞ்சினாலும், என்ன பயிற்சி கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். அம்மா இதை ஏற்றுக்கொள்ள நாளானது. "வாயில்லா ஜீவன்டா" என்பார். வாய் இருக்கிறது, அதுதான் பிரச்சினை.

விலா எலும்பைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். இவ்வளவுதான் சோதனை. குட்டையான முடி என்பதால் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை.

வீட்டுச் சமையல் கொடுப்பவர்கள் கோழி, சாதம், காரட், பூசணி என்று உப்பும் மசாலாவும் இல்லாமல் தனியாக வேகவைத்துக் கொடுங்கள். அதுமட்டுமே முழு உணவு என்றால் கால்சியமும் மற்ற சத்துகளும் குறைபடும், மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். சாம்பார் சாதம் கூடவே கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் கிடக்கும் உலர் திராட்சையைப் பலர் யோசிப்பதே இல்லை. திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும், எந்த நாய்க்கு எவ்வளவில் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. பண்டிகை நாளில் இலை எடுக்கும் வரை டைகர் அறைக்குள்தான். டார்க் சாக்லேட் இருபது கிராமே இந்த எடைக்கு வாந்தி, படபடப்பு வரப் போதும். சர்க்கரை இல்லாத சூயிங் கம்மில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் இன்னும் ஆபத்து.

குட்டியாக இருக்கும்போது பிரச்சினை தலைகீழ். மூன்று நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுக்க வேண்டும். இந்தச் சின்ன உடம்பில் சேமிப்பு கிடையாது, ஒரு வேளை தவறினாலே ரத்தச் சர்க்கரை இறங்கி, சோர்ந்து, தள்ளாடி, வலிப்புகூட வரலாம். அப்போது ஈறில் கொஞ்சம் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சென்னையில் நாய் வளர்க்கிறவர்களுக்கு நிஜமான எதிரி உண்ணிதான். மற்றதெல்லாம் அப்புறம். குட்டை முடியில் இருக்கிற பெரிய வசதி, உண்ணியைக் கையாலும் கண்ணாலும் கண்டுபிடிக்க முடிவது. தினமும் நடை முடிந்ததும் காது மடலின் உள்பக்கம், விரல் இடுக்கு, அக்குள், வாலின் அடி, ஹார்னஸ் படும் இடம் எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பேன். கிடைத்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட் ஊற்றிய டப்பாவில் போட வேண்டும். நகத்தால் நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி எல்லாம் வேண்டவே வேண்டாம்.

நாய் மேல் தெரிவது கொஞ்சம்தான். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவு நிலைச் சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும். எனவே சுவர் வெடிப்பைப் பட்டி பார்த்து அடைப்பது, படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை கொதிக்கும் தண்ணீரில் துவைப்பது, வேக்குவம் போடுவது எல்லாம் உண்ணி சிகிச்சையில் சேர்ந்ததுதான். நாயைக் குளிப்பாட்டிவிட்டு வீட்டை விட்டுவிட்டால் அடுத்த மாதமே திரும்ப வரும்.

மாத்திரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் மெல்லும் மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு கம்பெனியில் சின்ன அளவு 4 கிலோவோடு முடியும், இன்னொன்றில் 4.5 கிலோவோடு. டைகர் சரியாக அந்த எல்லையில் நிற்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவோம். பெரிய நாயின் மாத்திரையை வாங்கி நாலாக உடைத்துக் கொடுத்தால் காசு மிச்சம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. மருந்து எல்லாத் துண்டிலும் ஒரே அளவாகக் கலந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வலிப்பு வந்த வரலாறு இருந்தால் இந்த வகை மாத்திரை கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். உடம்பில் ஊற்றும் உண்ணி மருந்தையும் கண்ணளவில் கலக்காதீர்கள், அடர்த்தி கூடினால் சின்ன நாய் மயங்கி விழும்.

இவ்வளவு செய்தும் கடி விழத்தான் செய்யும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் முதலில் தெரிவது சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்வது. டைகர் போன்ற ஆள் ஒரு வேளை சாப்பிடாமல் படுத்தாலே நான் ஈறைத் தூக்கிப் பார்ப்பேன். ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. எர்லிக்கியா, பபீசியா என்று இரண்டு வகைக் கிருமிகள் நம் ஊரில் நிறைய, இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எர்லிக்கியா என்றால் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் வழக்கமாக நான்கு வாரம் போகும். மூன்றாம் நாளே நாய் துள்ளிக் குதிக்கும், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. சிக்கலான நோய் என்றால் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே போய்விட வேண்டும், பழைய சீட்டு எல்லாம் கையில் இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையைத் தொடவே வேண்டாம், பாராசிட்டமாலும் இபுபுரூஃபெனும் நாய்க்கு விஷம்.

எலி மருந்தும் இந்த இனத்துக்குத் தனி ஆபத்து. நம் வீட்டில் வைக்காவிட்டாலும் பக்கத்து வீட்டில் வைப்பார்கள். கேக் வடிவில் வருவதைத் தின்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று நாள் கழித்து உடம்புக்குள்ளே ரத்தம் கசியத் தொடங்கும். தின்றது தெரிந்த உடனே அட்டைப் பெட்டியோடு மருத்துவரிடம் போனால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றிவிடலாம். பெட்டி முக்கியம், எல்லா எலி மருந்துக்கும் விஷமுறிவு மருந்து ஒன்றல்ல. பக்கத்து வீட்டு மாமியிடம் பேசி, மருந்துக்குப் பதில் கூண்டு வைக்க ஏற்பாடு செய்தோம். கூண்டை நாங்களே வாங்கிக் கொடுத்தோம், அதுதான் மலிவு. எலி மூத்திரம் கலந்த மழைத் தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால் அந்த ஊசியை வருஷா வருஷம் விடாமல் போடுகிறோம். வெறிநோய்த் தடுப்பூசியும் அப்படியே. குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய்க்கானது உள்ளிட்ட ஊசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை. அது முடியும் வரை தெருவில் இறக்க வேண்டாம்.

முடி பராமரிப்பு மட்டும்தான் உண்மையிலேயே குறைந்த வேலை. வாரம் இரண்டு முறை ரப்பர் கையுறை பிரஷ், ஈரத் துணியால் ஒரு துடைப்பு, மாதம் ஒரு குளியல் போதும். அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் காய்ந்து சொறியும். நம் ஷாம்பு வேண்டாம். முடி கொட்டாது என்று விற்கிறவர் சொன்னால் நம்பாதீர்கள். கொட்டும், அதுவும் ஊசி மாதிரி அப்பாவின் வேட்டியில் குத்தி நிற்கும்.

குட்டை முடிக்கு இன்னொரு பக்கம் உண்டு: குளிர் தாங்காது. மார்கழி விடியலிலும் ஏசி அறையிலும் நடுங்கும். மகளின் பழைய டி-ஷர்ட் கையை வெட்டிப் போட்டால் வேலை முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காலை நனைக்கவே மாட்டேன் என்று வாசலில் நிற்கும், பிறகு உள்ளே வந்து பூஜை அறை ஓரம் காலைத் தூக்கும். பால்கனியில் ஒரு தட்டில் செயற்கைப் புல் விரித்து, மழைக்காலத்துக்கு முன்பே அங்கே போகப் பழக்கிவிடுங்கள்.

பல்லைச் சொல்லாமல் விடக் கூடாது. சின்ன வாயில் அத்தனை பல்லும் நெருக்கியடித்து நிற்பதால் காறை சீக்கிரம் படியும். ஆறு மாதத்தில் வாயைத் திறந்து பாருங்கள். பால் பல் விழாமல் புதுக் கோரைப்பல்லோடு ஒட்டி நின்றால் பிடுங்க வேண்டியிருக்கும், கருத்தடை அறுவையோடு சேர்த்துச் செய்துவிட்டால் ஒரே மயக்க மருந்தில் முடியும். தினமும் நாய்களுக்கான பேஸ்ட்டை விரல் பிரஷ்ஷில் வைத்துத் தேய்க்கிறோம், நம் பேஸ்ட் ஆகாது.

தீபாவளி, போகி இரண்டுக்கும் முன்தயாரிப்பு வேண்டும். பட்டாசு தொடங்கும் முன் சாயங்காலமே நடையை முடித்துவிட்டு, ஜன்னல் குறைந்த உள்ளறையில் ஃபேனும் டிவியும் ஓடவிட்டு, கூட ஒருவர் இருக்கிறோம். ரொம்பப் பயப்படும் நாய்க்கு மருத்துவரே மாத்திரை எழுதிக் கொடுப்பார், ஆனால் ஒரு வாரம் முன்பே போய்க் கேட்க வேண்டும். நாய்கள் அதிகம் காணாமல் போவதும் இந்த நாட்களில்தான். தோலுக்கு அடியில் அடையாள மைக்ரோசிப் போட்டு, அதன் பதிவில் உங்கள் இப்போதைய போன் நம்பர்தான் இருக்கிறதா என்று சரிபாருங்கள். மாநகராட்சி உரிமத்துக்கும் அது வேண்டும், வெறிநோய் ஊசிச் சான்றிதழும் கேட்பார்கள்.

ஊருக்குப் போவதுதான் கடைசித் தலைவலி. எங்கள் ஊர் திருநெல்வேலி. ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஏசி முதல் வகுப்பில் இரண்டு படுக்கைக் கூப்பேயையோ நான்கு படுக்கைக் கேபினையோ முழுதாக நமக்கே எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க் கூண்டு. வெயில் காலத்தில் டைகரை அதில் விட எனக்கு மனசில்லை, அதனால் கார்தான். பின் சீட்டில் கூண்டை சீட் பெல்ட்டால் கட்டிவிட்டு, கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டால் வாந்தி இல்லை. டீக்கடையில் நிறுத்தும்போது முதலில் ஹார்னஸ், அப்புறம் கயிறு, அதன் பிறகுதான் கார்க் கதவு. இரண்டு நிமிஷம்தானே என்று காருக்குள் விட்டுவிட்டு எல்லாரும் இறங்க வேண்டாம். நாங்கள் முறை வைத்துக் காப்பி குடிக்கிறோம், அப்பாவுக்கு எப்போதும் முதல் முறை.